பெயர் எழுத வேண்டாம்

"நம்பர் வரிசையிலதான வாங்கியிருப்பீங்க? அப்படியே வச்சிருங்க டீச்சர், கலைச்சிராதீங்க. பரீட்சை முடிஞ்சதும் நானே வந்து வாங்கிக்கிறேன்" என்று ஒரு கால் வராந்தாவிலும் ஒரு கால் வகுப்பறையிலுமாக நின்று சொல்லிவிட்டுத் தலைமையாசிரியர் குருநாதன் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஜெசிந்தா டீச்சரின் காதை விட்டு அந்த வார்த்தை இன்னும் போகவில்லை. அவர் சொல்கிறவரை அவளுக்கு அது தோன்றவே இல்லை என்பதுதான் வேடிக்கை. முப்பத்தெட்டுப் படிவங்கள் ரப்பர் பேண்டு போட்டு மேசைமேல் அவளுடைய பழுப்புக் கைப்பைக்குள் கிடக்கின்றன. எதிரே முப்பத்தெட்டுப் பிள்ளைகள், பன்னிரண்டாம் வகுப்பு பி பிரிவு, அரையாண்டுத் தேர்வின் தமிழ்த் தாளை எழுதிக்கொண்டு. வருகைப் பதிவேட்டில் உள்ளபடியே உட்கார்ந்திருக்கிறார்கள், முதலில் பையன்கள் இருபத்தொரு பேர், பிறகு பெண்கள் பதினேழு பேர், ஒன்றாம் எண் சன்னலோரம் முதல் பெஞ்சு, முப்பத்தெட்டாம் எண் கதவோரம் கடைசி. பைக்குள் இருக்கிற வரிசையும் வெளியே உட்கார்ந்திருக்கிற வரிசையும் ஒன்று. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டாம், விரலை நக்கி எண்ணத் தெரிந்தால் போதும். போன புதன்கிழமை ஐந்தாவது பீரியடில் போதைப் பழக்கக் கணக்கெடுப்புக்காக மாவட்டத்திலிருந்து வந்த ஆலோசகர் ரெஹானா, பார்த்தால் கல்லூரி இரண்டாம் வருஷம் படிக்கிறவள் மாதிரி இருந்தாள், படிவத்தைத் தூக்கிக் காட்டி மேலே கொட்டை எழுத்தில் இருந்ததை வாசித்தாள், பெயர் எழுத வேண்டாம், எண் எழுத வேண்டாம். பிள்ளைகள் நம்பாமல் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யாரைப் பார்த்தாலும் நம்பாத வயசு அது. அப்போது ஜெசிந்தாதான் முன்னால் வந்து, நெஞ்சில் கை வைத்து, "நான் சொல்றேன்ல, எனக்குக்கூடத் தெரியாது, உண்மைய மட்டும் போடுங்க" என்றாள். அவள் சொன்னதால்தான் எழுதினார்கள். இருபது நிமிஷம் பேனாச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்ததும் அவள் வாய் அதுபாட்டுக்குச் சொன்னது, ஒண்ணாம் நம்பர்ல இருந்து வந்து குடுங்க, தள்ளுமுள்ளு கூடாது. இருபத்தாறு வருஷமாக ரெக்கார்டு நோட்டு, வரைபடம், பரீட்சைத் தாள், சுற்றுலாவுக்குக் கையெழுத்து வாங்கிய கடிதம் எதை வாங்கினாலும் அப்படித்தானே வாங்கியிருக்கிறாள். பிள்ளைகளும் பழகிய மாடு கொட்டிலுக்குப் போவது மாதிரி வரிசையாக வந்து ஒன்றன்கீழ் ஒன்றாகச் செருகிவிட்டுப் போனார்கள். பக்கத்தில் நின்ற ரெஹானாவுக்கும் தோன்றவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவள் இல்லை. குருநாதன் முப்பது வருஷம் பார்த்தவர். அவருக்குத் தோன்றிவிட்டது.

மின்விசிறி நடுவில் இருப்பது மட்டும்தான் ஓடுகிறது. டிசம்பர் மாசம் என்று பெயர், கழுத்துக்குக் கீழே தீயாக எரிந்துகொண்டு வருகிறது அவளுக்கு, இந்த ஒரு வருஷமாகவே இப்படித்தான், காரணமில்லாமல் வேர்த்து, காரணமில்லாமல் அடங்கும். எழுந்து இரண்டு பெஞ்சு நடந்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் அரிசி உலையில் கொதிக்கும்போது அந்தப் படிவங்களை அடுக்கு கலையாமல் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாள். தொகுத்து எண்ணிக்கை மட்டும் அனுப்ப வேண்டும், அதற்காக. பத்தொன்பது பேர் ஏதோ ஒன்றில் டிக் போட்டிருந்தார்கள். பெரும்பாலும் உதட்டுக்குள் அதக்கிக்கொள்கிற புகையிலைப் பொட்டலம், நாலு பேர் பீர், ஒருத்தன் சிகரெட்டுக்கு எதிரே டிக் போட்டு அதை அடித்து மறுபடி போட்டிருந்தான். அதெல்லாம் அவளை உலுக்கவில்லை, பள்ளிக்கூடக் கழிப்பறையைப் பெருக்குகிற காமாட்சியைக் கேட்டாலே சொல்லியிருப்பாள். ஒரே ஒரு தாள்தான். எது என்ற கேள்விக்கு மாத்திரை. எத்தனை நாள் என்றதற்குத் தினமும். யாருடன் என்றதற்குத் தனியாக. எங்கே கிடைக்கிறது என்றதற்கு வீட்டில். எடுக்காத நாளில் என்ன ஆகும் என்ற இடத்தில் இருந்த ஆறு கட்டங்களிலும் டிக், நடுக்கம், வேர்வை, தூக்கமின்மை, அழுகை, எல்லாம். கடைசிக் கேள்வி, இதைப் பற்றி யாரிடமாவது பேச விரும்புகிறீர்களா. ஆம் என்பதற்கு நேரே ஒரு டிக், அதன்மேலேயே இன்னொரு டிக், அதன்மேலும் இன்னொன்று, தாள் பின்பக்கம் புடைத்துக்கொண்டு வந்துவிட்டது. உலை பொங்கி அடுப்பு அணைந்து வாயு நாறும்வரை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். யார் இவன் என்று நினைத்தாள். இவன் என்றுதான் நினைத்தாள், வேறெப்படி நினைப்பாள், மாத்திரை என்றாலே பேருந்து நிலையத்துக் கழிப்பறைக்குப் பின்னால் நிற்கிற பையன்கள்தானே கண்ணில் வருகிறார்கள். அன்றிலிருந்து பையன்கள் பக்கமே அவள் கண் ஓடுகிறது. இதோ கடைசி பெஞ்சில் கவியரசு, கண் சிவந்திருக்கிறது, விடிகாலையில் தக்காளி மண்டியில் மூட்டை இறக்கிவிட்டு வருகிறான் என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தும் அந்தச் சிவப்பு வேறு மாதிரித் தெரிகிறது. அவனுக்கு முன்னால் ஒருத்தன் முழங்காலை ஆட்டிக்கொண்டே எழுதுகிறான். முழங்காலை ஆட்டாத பையன் எவன். ஒரு தாளைப் பார்த்த பிறகு இருபத்தொரு பேரையும் திருடனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு அவள்மேலேயே வெறுப்பாக இருந்தது. வீட்டில் கிடைக்கிறது என்றால் தாத்தாவின் தூக்க மாத்திரையா. இந்த ஊரில் வீட்டுக்கு வீடு மாத்திரைதான், சுற்றிலும் நூல்மில், எட்டு மணி நேரம் நின்றபடி இழை பிடிக்கிற பெண்களுக்கு மாச வலி என்றால் மேஸ்திரி காகிதத்தில் மடித்துப் பேரில்லாத மாத்திரை கொடுப்பார், வாயில் போட்டுக்கொண்டு மெஷினுக்குத் திரும்ப வேண்டியதுதான். போன வருஷம் பெற்றோர் கூட்டத்தில் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது யாரோ ஒரு பிள்ளையின் அம்மா, கூந்தலெல்லாம் பஞ்சு, மடியிலிருந்து ஒன்று எடுத்து நீட்டினாள். "மில்லுல குடுத்தது டீச்சர், போட்டுப் பாருங்க, ரெண்டு நிமிசத்துல கேக்கும்" என்றாள். போட்டாள். கேட்டது. அன்றைக்குப் பேருந்தில் சன்னல் கம்பியில் தலை வைத்துத் தூங்கின தூக்கம், கவலை என்ற ஒன்றே உலகத்தில் இல்லை என்பதுபோல் ஒரு தூக்கம், அதை இன்றுவரை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மா யார் என்பது நினைவில்லை. எத்தனை அம்மாக்கள் வருகிறார்கள்.

பேசாமல் எண்ணிப் பார்த்துவிடலாம். அந்த ஒருவனுக்காக. மற்றவர்களைப் பார்க்க வேண்டாம், எண்ணி, நம்பரைத் தெரிந்துகொண்டு, அவனைத் தனியே கூப்பிட்டு, சாப்பிட்டியாப்பா என்று ஆரம்பித்து. இப்படித்தான் ஆரம்பித்தாள் மூன்று வருஷத்துக்கு முன்பு. அழகுபாண்டி. நினைக்க வேண்டாம் என்று வைத்திருக்கிற பெயர், நினைக்க வேண்டாம் என்று வைத்திருப்பதாலேயே முன்னால் வந்து நிற்கிற பெயர். வயலின் கம்பி மாதிரி மெலிந்த பையன், அவன் சட்டையில் கஞ்சா இலைப் புகை நாற்றம். ஆய்வகத்தில் தவளை எலும்புக்கூட்டுப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவனிடம் சாப்பிட்டியாப்பா என்று கேட்டாள், அவன் அழுதுவிட்டான், எல்லாவற்றையும் சொன்னான், யார் கொடுக்கிறார்கள், எப்போதிலிருந்து, விட முடியவில்லை டீச்சர் என்று. அவள் அவன் தலையைத் தடவி, நான் பாத்துக்கிறேன் என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற ஆசிரியைக்குப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா. அவளுக்குத் தெரிந்த ஒரே இடம் தலைமையாசிரியர் அறை. அவர் கூப்பிட்டுப் புத்தி சொல்வார், ஆஸ்பத்திரியில் யாரையாவது தெரிந்திருக்கும் என்று நினைத்துத்தான் போய்ச் சொன்னாள், சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். குருநாதன் கெட்டவர் இல்லை. தன் சொந்தக் காசில் பெண்கள் கழிப்பறைக்குக் கதவு போட்டவர். ஆனால் ஒருத்தனால் நாப்பது பேர் கெட்டால் யார் பதில் சொல்றது டீச்சர் என்பார், ஸ்கூல் பேரு என்பார், ரிசல்ட் என்பார். மறுநாள் அவனுடைய அப்பாவை வரச் சொல்லிவிட்டார். கூரை வேய்கிற ஆள், வேலையை விட்டு அப்படியே வந்தவர், கையெல்லாம் கீற்றுச் சிராய்ப்பு. அலுவலகத்துக்கு வெளியே கொடிக்கம்பத்தடியில் இடுப்பு பெல்ட்டை உருவி அடித்தார். மூன்று மாடி வகுப்புகளும் சன்னலில் நின்று பார்த்தன. சொந்த விருப்பத்தின் பேரில் என்று எழுதி மாற்றுச் சான்றிதழ் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தவன் அவளைப் பார்த்து, "நீங்கதான டீச்சர் சொல்லச் சொன்னீங்க" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சந்தேகம் கேட்பதுபோல் கேட்டான். போன சித்திரையில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் பார்த்தாள், பல்லெல்லாம் கறுத்து, டீச்சர் நல்லா இருக்கீங்களா என்று சிரித்துக்கொண்டு கிட்டே வந்தான், அவள் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு ஹலோ ஹலோ என்று சொன்னபடி வேறு பக்கம் நடந்தாள். வீட்டுக்கு வந்து குளித்தாள். குளித்தும் போகவில்லை. மாதாவிடம் அழுதாள், பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொல்லவில்லை, சொன்னால் மன்னிப்புக் கிடைத்துவிடும், அது வேண்டாம் என்று இருந்தது.

"டீச்சர்." நாலாவது வரிசையில் பவதாரணி எழுந்து நிற்கிறாள். "அடிஷனல் ஷீட்." இது மூன்றாவது தாள். எழுதுகிற பிள்ளை, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னின சடை, ரெக்கார்டு நோட்டில் இதயத்தின் அறைகளை அவள் வரைகிற அழகைப் பார்த்தால் மருத்துவம் படிக்கப் போகிறாள் என்று நினைக்கத் தோன்றும். தாளை வாங்கும்போது கை ஈரமாக இருந்தது. உடம்பு சரியில்லையா என்று கேட்க வாயெடுத்தாள், பரீட்சை நேரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் கை ஈரமாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள். பவதாரணி உட்காராமல் ஒரு கணம் நின்றாள். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல டீச்சர்." நல்ல பிள்ளை, தொந்தரவில்லாத பிள்ளை, இப்படி நாலு பேர் இருப்பதால்தான் மனசு நிற்கிறது. ஜெசிந்தா மேசைக்குத் திரும்பினாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெஹானா மறுபடி வந்திருந்தாள், ஆம் என்று டிக் போட்டவர்கள் சாப்பாட்டு நேரத்தில் உயிரியல் ஆய்வகத்துக்கு வந்து பேசலாம் என்று புதன்கிழமையே சொல்லியிருந்தாள். ஆய்வகம் எங்கே இருக்கிறது, சத்துணவுக் கூடத்துக்கு ஒட்டினாற்போல். தட்டு ஏந்தி நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்க, அந்த வரிசையைத் தாண்டி எவன் வந்து அந்தக் கதவைத் தட்டுவான், தட்டினால் அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் ஆகிவிடாதா. ரெஹானா நாற்பது நிமிஷம் தனியாக உட்கார்ந்திருந்தாள், பாட்டிலில் மிதக்கிற பாம்பைப் பார்த்துக்கொண்டு. இரண்டு தடவை கதவுக்கு வெளியே யாரோ வந்து நின்ற மாதிரி இருந்தது, எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை என்றாள். போகும்போது, "யாரும் வரலன்னா தேவை இல்லன்னு எழுதிக்குவாங்க டீச்சர், அடுத்த தடவை இந்தப் பக்கம் வர மார்ச் ஆயிரும்" என்று தன் கைபேசி எண்ணை எழுதிக் கொடுத்தாள். யாரிடம் கொடுக்க. மார்ச்சுக்குள் அந்தப் பையன் என்ன ஆவான். தினமும், தனியாக. அவள் மகன் ஆல்வினும் தனியாகத்தான் இருக்கிறான், கோயம்புத்தூரில், விடுதி அறையில். மூன்றாம் வருஷம். தீபாவளி லீவுக்கு வந்தபோது அவன் சட்டையைத் துவைக்க எடுத்தவள் முகர்ந்து பார்த்தாள், ஏதோ ஒரு வாசம், ஒன்றும் இல்லாத வாசமாகவும் இருக்கலாம். மகனைக் கேட்டாளா. இல்லை. இரண்டு தடவை சோப்புப் போட்டுத் துவைத்து, வெயிலில் காயப்போட்டு, இஸ்திரி செய்து மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஊராருடைய பிள்ளைகளுக்குப் படிவம் கொடுக்கிறாள், பெற்ற பிள்ளையைக் கேட்க நாக்கு எழவில்லை. கேட்டிருந்தால் அவன் எதில் டிக் போட்டிருப்பான். அவள் கை பைக்குள் போயிருந்தது. ரப்பர் பேண்டைக் கழற்றியிருந்தது. அந்தத் தாள் தெரியும், புடைப்பு விரலுக்கே தட்டுப்படும். மேலே இருந்து எண்ணினாள், ஒன்று, இரண்டு, மூன்று, உதடு அசையாமல், நாலு, ஐந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு முகம் தானாக வந்து நின்றது, ஆறு, ஏழு, எட்டு. எட்டு ஜெயக்குமார். ஒன்பது. நிமிர்ந்தாள். பவதாரணி எழுதுவதை நிறுத்திவிட்டு இவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குக்கூடத் தெரியாது என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்ன அதே கை. முகம் சுட்டது ஜெசிந்தாவுக்கு. பதிவேட்டை இழுத்துப் படிவங்களின்மேல் போட்டு மூடினாள், பவதாரணி குனிந்துகொண்டாள்.

எண்ணித் தெரிந்துகொண்டால் அப்புறம் என்ன. அவளுக்குத் தெரிந்த ஒரு மணி நேரத்தில் குருநாதனுக்கும் தெரிந்துவிடும், வரிசை அவர் கைக்குத்தானே போகிறது. காலையிலேயே சொல்லிவிட்டாரே, "பப்ளிக்குக்கு மூணு மாசம்தான் இருக்கு, இப்பவே யார் யாருன்னு பாத்து, ரொம்ப மோசமானத மட்டும் நல்லபடியா டிசி குடுத்து அனுப்பிருவோம், யாருக்கும் கெட்ட பேரு இல்ல." நல்லபடியாக. கொடிக்கம்பத்தடியில் நடந்ததும் அவர் கணக்கில் நல்லபடியாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒரு தாளை மட்டும் உருவி எடுத்துவிட்டால்? முப்பத்தேழுதான் இருக்கும், அவர் எண்ணுவார், எண்ணாமல் வாங்கவே மாட்டார், விடுபட்டது யார் என்று பதிவேட்டை வைத்துப் பார்க்க எவ்வளவு நேரம். வேறொரு வெற்றுப் படிவம் இருந்தால் நிரப்பி வைக்கலாம், மிச்சத்தை ரெஹானா கொண்டுபோய்விட்டாள். மணி பன்னிரண்டே முக்கால். இன்னும் அரை மணி நேரம். முதலில் அந்த எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டு பிறகு கலைத்தால் என்ன என்று ஒரு குரல் கேட்டது, அவளுக்குள்ளேதான், சாப்பிட்டியாப்பா என்று கேட்கிற அதே குரல். அந்தக் குரலைக் கண்டுதான் அவளுக்குப் பயம். தெரிந்துவிட்டால் அவளால் சும்மா இருக்க முடியாது, போய் ஏதாவது செய்வாள், செய்தால் தப்பாகத்தான் செய்வாள். தெரியாமல் இருப்பதுதான் அவளால் கொடுக்க முடிகிற ஒரே உத்தரவாதம். படிவங்களையும் பதிவேட்டையும் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டு அறையின் கோடிக்கு, எல்லோருக்கும் பின்னால் காலியாகக் கிடந்த உடைந்த பெஞ்சுக்குப் போனாள். எல்லாத் தலையும் அந்தப் பக்கம் பார்த்துக் குனிந்திருந்தன. சீட்டுக் கலைக்க அவளுக்குத் தெரியாது, அவள் வீட்டில் சீட்டைத் தொட்டாலே அப்பா சாப்பிட மாட்டார். வினாத்தாள் பிரிக்கிற மாதிரிப் பிரித்தாள், ஐந்து குவியல், கை போன போக்கில், இதில் ஒன்று, அதில் இரண்டு, மறுபடி எல்லாவற்றையும் சேர்த்து, தலைகீழாக்கி, மறுபடி ஐந்து. புடைப்பு ஒரு தடவை விரலில் பட்டது, பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு நடுவில் செருகினாள். மூன்றாம் தடவை சேர்த்து ரப்பர் பேண்டு போட்டபோது மூச்சு லேசாகிவிட்டது. அழகுபாண்டி விஷயத்தில் அன்றைக்குச் செய்திருக்க வேண்டியதை இன்றைக்குச் செய்தாகிவிட்டது என்று தோன்றியது. அந்த லேசு பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை. ஆம் என்று மூன்று தடவை டிக் போட்டானே, இப்போது அவன் யாருமில்லை. முப்பத்தெட்டில் யாராகவும் இருக்கலாம், யாராகவும் இல்லாமல் போய்விடலாம். அவனைக் காப்பாற்றினாளா, கைகழுவினாளா. காற்றில் கலைந்துவிட்டது சார் என்று சொல்ல வேண்டும், பொய் சொல்லிப் பழக்கமில்லை, காது சிவந்துவிடும். எப்படியும் ஒரு மெமோ வரும். வரட்டும். ஓய்வுக்கு ஏழு வருஷம் இருக்கிறது, மெமோவோடு ஏழு வருஷம் இருக்கலாம்.

மணி அடித்தது. எழுதுனது போதும், நூல் கட்டுங்க, ஒண்ணாம் நம்பர்ல இருந்து வாங்க என்றது வாய். சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது, அழுகை மாதிரியும் இருந்தது. பையன்கள் வந்து கொடுத்துவிட்டுப் போனார்கள், கவியரசு வெளியே போகிற அவசரத்தில் அட்டையை மறந்து திரும்பி வந்து எடுத்துக்கொண்டு ஓடினான். பெண்கள் வந்தார்கள். தன் முறை வந்தபோது பவதாரணி எழுந்திருக்கவில்லை, நூல் முடிச்சு விழவில்லை என்பதுபோல் குனிந்து கட்டிக்கொண்டே இருந்தாள், எல்லோரும் போன பிறகு வந்தாள். தாளை நீட்டினாள். ஜெசிந்தா வாங்கினாள், அவள் விடவில்லை, இரண்டு பேர் கையிலும் தாள் இருந்தது. "டீச்சர், அன்னிக்கு அந்தப் படிவம் குடுத்தோம்ல. அத நம்பர் வரிசையாத்தான வாங்குனீங்க?" பிள்ளைகளுக்கும் தோன்றியிருக்கிறது, பாவம், இத்தனை நாளாகப் பயந்துகொண்டிருந்திருக்கின்றன, அதனால்தான் காலையிலிருந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தாள் இவள், யாருக்காகவோ, தோழிகள் யாராவது எதிலாவது டிக் போட்டிருப்பார்கள். ஜெசிந்தாவுக்கு மனசு இளகிவிட்டது. நல்ல வேளையாக நல்ல பதில் அவளிடம் இருந்தது. "பயப்படாதம்மா. வரிசையாத்தான் வாங்கிட்டேன், என் தப்புதான். இப்பதான் எல்லாத்தையும் கலைச்சு வச்சிருக்கேன். எது யாரோடதுன்னு இனிமே ஒருத்தருக்கும் தெரியாது." பவதாரணி தாளை விட்டாள். "உங்களுக்குமா டீச்சர்?" "எனக்கும்தான். நான் பாக்கவே இல்ல. நிம்மதியா போ." அவள் கொஞ்ச நேரம் அந்த ரப்பர் பேண்டு போட்ட கட்டைப் பார்த்தாள். "சரி டீச்சர்" என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனாள்.

விடைத்தாள்களைத் தட்டி அடுக்கிக்கொண்டிருக்கும்போதே குருநாதன் வந்துவிட்டார், வந்த கையோடு கட்டை எடுத்து ரப்பர் பேண்டை உருவினார். கூடவே ஒரு வகுப்புப் பதிவேடும் கொண்டுவந்திருந்தார், பேனா மூடி திறந்திருந்தது. முதல் தாளைப் பார்த்துப் பதிவேட்டைப் பார்த்து, இரண்டாம் தாளைப் பார்த்து, "என்ன டீச்சர் இது, முதத் தாள்லயே நெயில் பாலிஷ் கறை இருக்கு, ஒண்ணாம் நம்பர் பையனாச்சே" என்றார். காற்றில் கலைந்துவிட்டது சார் என்று சொல்ல வாயைத் திறந்தாள் ஜெசிந்தா, அதற்குள் வேறொன்று தோன்றிவிட்டது. பயந்த பிள்ளை கலைத்துவிட்டேன் என்று கேட்டதும் மூச்சு விட்டிருக்க வேண்டாமா. சிரித்திருக்க வேண்டாமா. உங்களுக்குமா என்று ஏன் கேட்டாள். மற்றவர்களுக்குத் தெரியாமல் போனது அவளுக்குப் பெரிதாக இல்லை, டீச்சருக்கும் தெரியாதா என்றுதான் கேட்டாள். எதையும் டீச்சர் நம்பர் வரிசையில்தான் வாங்குவதை முன்னமே கவனித்திருக்கிறாள், சூட்டிகையான பிள்ளை, கவனிக்காமலா. டீச்சருக்குத் தெரிந்துவிடும் என்று தெரிந்துதான் மூன்று தடவை டிக் போட்டாள். வியாழன், வெள்ளி, இன்று என்று டீச்சர் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாள். ஆய்வகக் கதவுவரை வந்து திரும்பினதும் அவளாகத்தான் இருக்கும். இவள் கையில் தாளை எண்ணுவதைப் பார்த்துவிட்டு, சரி, கண்டுபிடித்துவிடுவார்கள் என்று குனிந்து எழுதியிருக்கிறாள். மாத்திரை, தினமும், தனியாக, வீட்டில். அவளேதான். நிம்மதியா போ என்று அனுப்பியாகிவிட்டது. சன்னல் வழியாகப் பார்த்தாள், பவதாரணி வராந்தாவைத் தாண்டி இறங்கி, வேப்ப மரத்தையும் தாண்டி, கேட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். பவதாரணி என்று ஒரு குரல் கொடுத்தால் நின்றுவிடுவாள். கொடுத்தால் குருநாதன் நிமிர்ந்து யாரைக் கூப்பிடுகிறாள், எதற்கு இப்படிக் கூப்பிடுகிறாள் என்று பார்ப்பார், பேனா திறந்தே இருக்கிறது. பெயர் வாய்வரை வந்ததை விழுங்கினாள். "தலை சுத்துது சார், இப்ப வந்துர்றேன்" என்றாள். "விடைத்தாள எண்ணி ஒப்படைச்சுட்டுப் போங்க டீச்சர், என்ன இது" என்றார் அவர். இருபத்தாறு வருஷத்தில் அவள் எண்ணாமல் ஒரு கட்டையும் வைத்துவிட்டுப் போனதில்லை. வைத்துவிட்டுப் போனாள். ஓடினால் மூன்று மாடியும் பார்க்கும், ஓடவில்லை, பேருந்துக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள், படிகளில் முழங்கால் வலித்தது, கேட்டுக்கு வெளியே மில் வண்டிகள் போகிற சாலையில் பத்தடி முன்னால் அந்தச் சடை போய்க்கொண்டிருந்தது. கிட்டே போய் என்ன கேட்பது என்று அவளுக்குத் தெரியவில்லை, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கக்கூடாது என்று தெரிந்தது. செருப்புச் சத்தம் கேட்டிருக்க வேண்டும். பவதாரணி திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் மெதுவாக்கினாள்.